வேகத்தை விரும்பும் பிள்ளைகளும் சக்கரம் என்னும் அமானிதமும்

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி அது. பந்தயத்திற்கென்று தீனியை முறைப்படுத்தி, உடலை இறுக்கிப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அந்தத் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பயிற்றுவிக்கப்படாத குதிரைகளோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவே ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள்.

ஆகவே, காரின் மீதும் வேகத்தின் மீதும் ஆசை கொண்ட ஓர் இளைஞனைப் பார்த்து, எடுத்த எடுப்பிலேயே ‘இதெல்லாம் மார்க்கத்திற்கு ஆகாது’ என்று கதவை அடைத்துவிடுவது முறையன்று. ஆனால் அந்தப் பந்தயத்தில் இரண்டு ஒழுங்குகள் இருந்தன. ஓட வேண்டிய தடம் எதுவென்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. எந்தக் குதிரை எவ்வளவு தூரம் ஓடலாம் என்பது அதன் தகுதியைப் பார்த்து முடிவு செய்யப்பட்டது. தடமும் தகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்னும் இந்த ஒழுங்கையே, இன்று நம் பிள்ளைகள் தங்கள் கார்களுக்கு வாங்கிப் பூட்டும் டயருக்கும் வீலுக்கும் உரைகல்லாகக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

டயரையும் பந்தயத்தையும் அறிந்த மண்

திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. செங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950களிலிருந்து பல பத்தாண்டுகள், தென்னிந்தியாவின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் அந்த ஓடுதளத்தில்தான் நடைபெற்றன. 1990ஆம் ஆண்டையொட்டி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் அமைந்த பின்னரே சோழவரம் ஓய்ந்தது. இன்னும் வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க்கண்டிகை சிப்காட்டில், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் தன் டயர்த் தொழிற்சாலையை நடத்துகிறது. லாரி, பேருந்துகளுக்கான ரேடியல் டயர்கள் அங்கே உருவாகின்றன.

இந்தப் பகுதியின் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைக்கும் நம் சமுதாய இளைஞர்கள் பலர். பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று எங்கு நோக்கினும், சில ஆண்டு உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு டர்போ பெட்ரோல் காரை, பெரும்பாலும் பழைய காரை, வாங்குகிறார்கள். அடுத்து அதை மாற்றியமைக்கும் வேலை தொடங்குகிறது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்துவது, என்ஜினின் மின்னணு அமைப்பைத் திருத்தி இழுவையைக் கூட்டுவது, எல்லாவற்றுக்கும் முன்பாகப் பெரிய அலாய் வீல் பூட்டுவது. டயர் கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘17 இன்ச் போடலாமா, 18 போடலாமா?’ என்பதே.

கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்கிறோம் நாம். முதலில் பார்க்க வேண்டியது சாலை, அடுத்து டயர், கடைசியாகத்தான் வீலின் அளவு. காரணத்தை அறிய, டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

205/55 R16 91V என்று ஒரு டயரில் இருப்பதாகக் கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 113 மி.மீ. R என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 16 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று பொருள். V என்பது வேகக் குறியீடு. மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். H என்றால் 210, T என்றால் 190.

இந்த டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ. வீலை ஓர் அங்குலம் கூட்டி 225/45 R17 போட்டால் 634 ஆகும். இரண்டு அங்குலம் கூட்டி 225/40 R18 போட்டால் 637. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். இதுவே முறையான அளவு மாற்றத்தின் இலக்கணம்: வீல் பெரிதாகும் அளவுக்குப் பக்கச்சுவர் குறைய வேண்டும், மொத்த விட்டம் மாறக் கூடாது. கணக்குத் தெரியாமல் 225/50 R17 போட்டுவிட்டால் விட்டம் 657 ஆகிவிடும். அப்போது ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டுகையில் கார் 104 கி.மீ. வேகத்தில் ஓடும். சக்கரம் மட்கார்டிலும் உரசக்கூடும்.

விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வீல் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றின் இடைவெளியும், வீலின் நடுத்துளை அளவும், ஆஃப்செட் என்னும் உள்வாங்கு அளவும் காருக்குப் பொருந்த வேண்டும். ஆஃப்செட் மாறினால் வீல் வெளியே துருத்தும். பேரிங்கிற்குச் சுமை கூடும். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். நடுத்துளை பெரிதாக இருந்தால், அதற்குரிய வளையம் போடாமல் பூட்டும் வீல் வேகத்தில் அதிரும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. 91 இருந்த இடத்தில் 87 போட்டால், டயர் ஒன்றுக்கு 70 கிலோ தாங்குதிறனை இழக்கிறோம். பின் இருக்கையில் உம்மாவும் தங்கைகளும் அமர்ந்து, டிக்கியில் திருமண வீட்டுச் சாமான்களும் ஏறியிருக்கும் நாளில்தான் அந்த 70 கிலோவின் அருமை தெரியும்.

பக்கச்சுவர் குறைந்தால் குறைவது எது?

16லிருந்து 18க்குச் செல்லும்போது பக்கச்சுவர் 113 மி.மீட்டரிலிருந்து 90 ஆகக் குறைகிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வளைவில் டயர் குறைவாக நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கேட்கும். பந்தயத் தடத்தில் அது பெரிய நன்மையே.

ஆனால் நம் பிள்ளைகள் அன்றாடம் ஓட்டுவது சோழவரம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளும் துறைமுகக் கண்டெய்னர்களும் இரவு பகலாக ஓடும் சாலை அது. அதிலிருந்து இறங்கிச் சிப்காட்டுக்குள்ளும் கிராமச் சாலைகளிலும் நுழைந்தால், பள்ளம், மேடு, சிதறிக் கிடக்கும் ஜல்லி, இரும்புத் துண்டு எல்லாம் எதிர்ப்படும். அங்கே பக்கச்சுவர் என்பது மெத்தை. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். மெத்தை மெலிந்தால் அடி நேரே வீலுக்குச் செல்லும். வீல் வளையும், விரிசல் விடும். அல்லது டயரின் உள்நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் புடைப்பு கிளம்பும். புடைத்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம். அதைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய இயலாது.

பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூடியது. அந்த எடை ஸ்பிரிங்கிற்குக் கீழே, சுழலும் பகுதியில் சேர்கிறது. அதைச் சுழற்ற என்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால், திரும்பத் தரையைப் பற்றவும் தாமதமாகும். வேகத்திற்கென்று செய்த மாற்றம் வேகத்தையே குறைப்பது இவ்விதம்தான்.

அகலமான டயர் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்பது மற்றொரு தவறான எண்ணம். உலர்ந்த தரையில் அகலம் உதவும். வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலையில் நீர் தேங்கி நிற்கும்போதோ, அகன்ற டயர் கூடுதலான நீரை விலக்க வேண்டியிருப்பதால் விரைவிலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் காரில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. தடத்திற்கென்றே செய்யப்படும், கோடுகள் மிகக் குறைந்த டயர்களைச் சாலையில் போட்டு ஓட்டுவது இதனினும் ஆபத்தானது.

பதினான்கு கார்கள் ஓட மறுத்த நாள்

‘உலகிலேயே சிறந்த கம்பெனி டயர் போட்டிருக்கிறேன், எனக்கென்ன?’ என்று கேட்போர், 2005ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்ததை அறிய வேண்டும். அங்கே பார்முலா ஒன் பந்தயம். அதன் 13ஆவது வளைவு சாய்வாக உயர்த்தப்பட்டது. கார்கள் முழு வேகத்தில் அதைக் கடக்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகிக் கார் சுவரில் மோதியது. டயர் மிஷெலின் நிறுவனத்துடையது. ஆராய்ந்து பார்த்த அந்நிறுவனம், தான் கொண்டுவந்த டயர்கள் அந்த வளைவின் அழுத்தத்தை அதே வேகத்தில் தாங்கும் என்று உறுதியளிக்க முடியாது எனத் தன் அணிகளுக்கு அறிவித்தது. ஞாயிறன்று, மிஷெலின் டயர் பூட்டிய ஏழு அணிகளின் 14 கார்களும் முன்னோட்டச் சுற்றை முடித்ததும் பந்தயத்தில் இறங்காமல் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர், பார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரான நம் தமிழ்நாட்டு நரேன் கார்த்திகேயன். அன்று அவர் நான்காம் இடம் பெற்றார்.

இலட்சக்கணக்கான பார்வையாளர்களின் ஏமாற்றம், நிறுவனத்தின் நற்பெயர், கோடிகள் புரளும் வணிகம் ஆகிய அனைத்தும் ஒரு தட்டில் இருந்தன. ஓட்டுநர்களின் உயிர் மறு தட்டில் இருந்தது. டயர் மட்டமானதன்று, உலகின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அந்தத் தடத்திற்கு அது பொருந்தவில்லை. பொருந்தாது என்று தெரிந்ததும் உலகத்தின் முன்னிலையில் ஒதுங்கிக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் ஆலை நம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது. அதன் மதில் ஓரமாகப் பொருந்தாத வீலைப் பூட்டிப் பறக்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டாமா? சிறந்த டயர் என்று தனியே ஒன்றில்லை. ஓடும் சாலைக்கும் சுமக்கும் சுமைக்கும் பொருந்திய டயரே சிறந்த டயர்.

சட்டமும் சம்பாத்தியமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். டயரின் கோடு 1.6 மி.மீட்டருக்குக் கீழே தேய்ந்த காரைச் சாலையில் ஓட்டுவதும் விதிமீறலே. காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். அப்போது கடனில் மூழ்குவது ஓட்டியவன் மட்டுமல்லன், அவன் குடும்பமும்தான்.

‘புகை இல்லை, குடி இல்லை, வேறு கெட்ட பழக்கம் இல்லை. ஹலாலாக உழைத்த என் பணம். எனக்கிருக்கும் ஒரே ஆசை இந்தக் கார்’ என்று இளைஞர்கள் கூறுவதை நாம் ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தீய பழக்கங்களை விட்டு விலகி நிற்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு இருப்பது நல்லதே. எனினும், நம் பணம் என்பதாலேயே அதைச் செலவிடும் விதம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. உழைத்த பணமானாலும் கண்ணுக்கு மட்டும் அழகாகி, காரின் பாதுகாப்பைக் குறைக்கும் பொருளுக்காகச் செலவிட்டால் அது வீண்விரயமே. வட்டியுடன் கூடிய மாதத் தவணையில் அலாய் வீல் வாங்குவது அதனினும் மோசம். வட்டியின் தீமையைப் பற்றி ஜுமுஆவில் கேட்டுவிட்டு, மாலையில் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சக்கரம் வாங்குவது நமக்கு நாமே முரண்படுவதாகும். நெடுஞ்சாலையில் இரவில் பணம் கட்டிப் பந்தயம் ஓட்டுவதோ சூதாட்டம்; அத்துடன் பிறர் உயிரோடு ஆடும் ஆட்டம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆசையை விடச் சொல்லவில்லை. அதன் வரிசையை மாற்றச் சொல்கிறோம். கையில் இருக்கும் பணத்தைப் பெரிய வீலில் போடாமல், கார் நிறுவனம் குறித்த அதே அளவில், ஒருபடி உயர்ந்த டயரில் போடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் அந்த அளவும் காற்றழுத்தமும் இருக்கும். மழையில் நன்றாகப் பிடிக்கும் ஒரு நல்ல டயர், பிரேக் பிடித்ததும் கார் நிற்கும் தூரத்தைக் குறைக்கும். அதைவிடப் பெரிய மேம்பாடு எந்தக் காருக்கும் இல்லை. மென்மையான ரப்பரால் ஆன பெர்ஃபார்மன்ஸ் டயர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் தேயும் என்பதையும் அறிந்தே வாங்குங்கள்.

வீலைப் பெரிதாக்கியே தீர வேண்டுமென்றால், அதே மாடலின் உயர்ரக வகைக்கு நிறுவனமே தரும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஓர் அங்குலத்தைத் தாண்டாது. காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பிராண்டுப் பெயரை ஒட்டிய போலி வீல்களைத் தவிருங்கள். மலிவான போலி வீல் பள்ளத்தில் விழுந்தால் பிளந்துவிடலாம். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரைப் புதியதென்று ஏற்காதீர்கள். நான்கு சக்கரத்திலும் ஒரே வகை டயர் போட்டு, அலைன்மென்டும் பேலன்சிங்கும் செய்யுங்கள். மாதம் இருமுறையேனும், டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பாருங்கள். வேகத்தின் சுவையை அறியத்தான் வேண்டுமென்றால், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் உரிய அனுமதியோடும் ஹெல்மெட்டோடும் ஓட்டுங்கள். ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை என்று தடம் வரையறுக்கப்பட்டிருந்ததை எண்ணிக்கொள்ளுங்கள்.

தந்தையருக்கும் ஒரு சொல். பிள்ளையின் காரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். அருகில் அமர்ந்து, டயரில் எழுதியிருக்கும் எண்களை அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களைவிட அவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். 91 என்ற எண் எதற்கு, புதிய டயரிலும் அது குறையாமல் இருக்கிறதா, மழையில் இது நிற்குமா என்று கேளுங்கள். கண்டிப்பதால் மூடிக்கொள்ளும் மனம், கேட்பதால் திறக்கும். பள்ளிவாசல்களில் இளைஞர்களுக்காக நடத்தும் கூட்டங்களில், அனுபவமுள்ள டயர் கடைக்காரர் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் பேசச் சொன்னாலும் பயனுண்டு.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்பைப் போட நினைத்தவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். பயணத் துஆ ஓதிவிட்டு, தேய்ந்து மொட்டையான டயரோடும் பொருந்தாத வீலோடும் நெடுஞ்சாலையில் ஏறுவது, கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் பேசுவதே ஆகும். ஒரு கார் தரையைத் தொடும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். காருக்குள் இருப்போரின் உயிரும், அதிகாலை ஷிப்டுக்குச் சைக்கிளில் செல்லும் முகம் தெரியாத தொழிலாளியின் உயிரும் அந்த நான்கு உள்ளங்கைகளில்தான் இருக்கின்றன. அந்த அமானிதத்தைப் பேணும் அறிவையும், அழகிலும் அளவறியும் மனத்தையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் வழங்குவானாக.